திரும்பி வந்த இரண்டு பிரதிகள்: மொரீஷியஸ் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸில் தமிழ்ச் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும், நம் பிள்ளைகள் தமிழில் எதைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கிற பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு துணிப்பை என் கைக்குத் திரும்பி வந்தது. ஒரு சங்கத்தின் நூலகத்துக்கு நான் கொடுத்திருந்த நாவலின் இரண்டு பிரதிகள் அதில் இருந்தன. முத்திரை குத்தவில்லை, எண் ஒட்டவில்லை. எட்டு மாதம் எங்கேயோ ஒரு மேசை இழுப்பறையில் கிடந்திருக்கின்றன. பையைக் கொடுத்தவர் நல்ல மனிதர், என்னிடம் பல வருடப் பழக்கம் உள்ளவர். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்: "அந்தம்மா நம்ம ஆள் இல்லையே டீச்சர். அப்புறம், உள்ளே இருக்கிற விஷயமும் அவ்வளவு நல்லா இல்லை."

சங்கத்தின் பெயரை எழுத மாட்டேன். இந்த இரண்டு காரணங்களையும் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன், நாளைக்கும் கேட்பேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த நாவல் சல்மா எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004-இல் காலச்சுவடு வெளியிட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அது 2009-இல் வந்தது. உங்களில் சிலர் சல்மாவைக் கவிஞராக அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் துவரங்குறிச்சி என்று ஓர் ஊர். சல்மா அங்கே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1968-இல் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம் வரை வருடக்கணக்கில் வீட்டுக்குள்தான். தெருவை ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்தார். கல்யாணத்துக்குப் பிறகும் எழுதத் தடை. வீட்டார் உறங்கிய பிறகு குளியலறையில் ஒளிந்து எழுதினார். எழுதியதைப் புடவைகளுக்கு நடுவே மறைத்து வைத்தார். அவருடைய தாயார்தான் அவற்றை யாருக்கும் தெரியாமல் வெளியே சேர்த்தார். 'சல்மா' என்பதே எழுதுவது யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக வைத்துக்கொண்ட பெயர். 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001-இல் உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். பிறகு தமிழ்நாடு சமூக நல வாரியத்தின் தலைவர் ஆனார். 2025-இல் இந்திய நாடாளுமன்றத்தின் மாநிலங்களவைக்குத் தேர்வானார்.

இதை நான் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. பதவி எதுவும் வராமல் அந்தக் குளியலறையிலேயே அவர் வாழ்க்கை முடிந்திருந்தாலும் அந்த எழுத்துக்கு அதே மதிப்புதான்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2007 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் இந்த நாவலை வாங்கினேன். அந்த வருடம் ஜூலையில், க்யூர்பிப்பில் குளிரும் தூறலுமாக இருந்த நாட்களில், மாலை வேளைகளில் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குத் தமிழ் என்றால் தேவாரமும் காவடிப் பாட்டும்தான். மனப்பாடமாகப் பாடுவார், ஆனால் எழுதிய தமிழ் புரியாது. ஆகவே ஒரு பக்கம் தமிழில் படிப்பேன், பிறகு நம் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் சொல்வேன். அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்.

நாவலில் ராபியா என்று ஒரு சிறுமி வருகிறாள். வீட்டில் பெரிய பெண்கள் தங்களுக்குள் பேசுவதையெல்லாம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டே வளர்கிறாள். அவளைச் சுற்றி எத்தனை பெண்கள்! பிள்ளை பெற்றுக் களைத்தவர்கள், பிள்ளை இல்லாமல் பேச்சு வாங்குகிறவர்கள், புருஷனுக்குப் பயந்தவர்கள், சிரிப்பும் கேலியுமாக ஒருத்தியை ஒருத்தி தாங்கிப் பிடிக்கிறவர்கள். ஆண்கள் இல்லாத அறையில் பெண்கள் பேசுகிற பேச்சை இவ்வளவு உண்மையாகத் தமிழில் நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்தப் பேச்சில் படுக்கை விஷயம் வருகிறது. மாதவிலக்கு வருகிறது. சமையலும் பொறாமையும் வருகின்றன, மௌத்து வீட்டில், அதாவது சாவு வீட்டில், யார் அழுதாள் யார் அழவில்லை என்பதும் வருகிறது. எல்லாம் ஒரே மூச்சில், வீட்டில் வருவதைப் போலவே.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ராபியாவைவிடக் கொஞ்சம் பெரிய பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதைப் படித்தபோது அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஜன்னலுக்குத் திரை உண்டா, கம்பி மட்டும்தானா?"

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் அம்மா சொன்னார். 1948-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவருடைய சிலேட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். தைப்பூசத்தில் காவடி தெருவில் போகும்போது அம்மா முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, துணியின் இழை வழியாகப் பார்ப்பாராம். திரையை விலக்கினால் அடி. பதினேழு வயதில் கல்யாணம். ஐந்து வருடம் அந்தத் திரையின் இழைகளை எண்ணியதாகச் சொன்னார். இதை எனக்கு அதுவரை சொன்னதே இல்லை. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

எங்கள் வீடு முஸ்லிம் வீடு இல்லை. முருகன் படம் மாட்டிய, புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கிற, ஏழு கறியோடு வாழையிலையில் சாப்பாடு போடுகிற மொரீஷியஸ் தமிழ் வீடு. எங்கள் அம்மாவின் வாயைத் திறக்க ஒரு முஸ்லிம் பெண் எழுதிய புத்தகம் வர வேண்டியிருந்தது.

"நம்ம ஆள் இல்லை" என்று சொன்னீர்களே, யார் நம்ம ஆள்? இதைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இந்த நாட்டில் தமிழ் என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருள் ஏறிவிட்டது. மக்கள் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கு 'தமிழ்' என்று பதில் எழுதுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள். நமக்கு அது சாதாரணம். ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும், அதை நான் இழிவாக நினைக்கவில்லை. பேச்சிலிருந்து மொழி நழுவிப்போனபோது கோவில்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. பாட்டும் பூசையும் இல்லாவிட்டால் இன்று இந்த மடலை எழுத எனக்குத் தமிழ் இருந்திருக்காது. அந்தக் கடன் எனக்கு உண்டு.

ஆனால் கோவில் காப்பாற்றிய மொழி கோவிலைவிடப் பெரியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் போர்ட் லூயிஸில் 'மலபார் முகாம்' என்று ஒரு பகுதி இருந்தது, 'லஸ்கர் முகாம்' என்று இன்னொன்று இருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த நம்மவர்கள் ஒரு பக்கம், கப்பலோடு வந்த முஸ்லிம் மாலுமிகள் ஒரு பக்கம். இந்தத் தீவின் முதல் பள்ளிவாசல் 1805-இல் அந்த லஸ்கர் முகாமில்தான் எழுந்தது. 1834-இல் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே. இந்தியக் கடற்கரை முழுவதிலிருந்தும் திரண்ட அந்த மாலுமிகள் நடுவே சோழமண்டலக் கரையின் தமிழை ஒருவர்கூடப் பேசவில்லை என்று யாராவது எனக்குச் சொல்ல முடியுமா?

இன்றைக்கும் போர்ட் லூயிஸில் முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிற பிளேன் வெர்ட்டில் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போங்கள். கறிவேப்பிலையைக் 'காரிபுலே' என்பார்கள். முருங்கைக் கீரையை 'முரூம்' என்பார்கள். ரசம் 'ராசோன்' ஆகியிருக்கும். க்ரியோலுக்குள் புகுந்துகொண்ட நம் சொற்கள் யாருடைய மதத்தையும் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு மாணவி என் தமிழ் வகுப்பில் சேர ஆசைப்பட்டாள். முஸ்லிம் பெண். பாட்டியின் அம்மா காரைக்கால் பக்கம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பூட்டி பாடிய தாலாட்டில் ஒரு வரி அவளுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு உருது இருக்கிறது, அரபு இருக்கிறது, அங்கே போகச் சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விதி எங்கே என்று கேட்டேன். விதி இல்லை, வழக்கம் என்றார்கள். என் சக ஆசிரியர்களும் எனக்குத் துணை நிற்கவில்லை. நானும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். மூன்றாவது முறை கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் என்னிடம் கடைசியாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மிஸ், தமிழ் படிக்கணும்னா சாமி கும்பிடணுமா?"

அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைச் சொல்லியிருக்கலாம். குணங்குடி மஸ்தான் சாகிபுவைச் சொல்லியிருக்கலாம். அதைவிட, நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியில் அதிகம் படிக்கவிடாத அந்தப் பெண் 1938-இல் 'காதலா கடமையா' என்று ஒரு நாவலை வெளியிட்டார், அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய அந்தப் பெரியவருக்கு, ஒரு முஸ்லிம் பெண் எழுதிய தமிழ் நாவல் 'நம்ம ஆள் இல்லாத' ஒன்றாகத் தோன்றவில்லை. நாகூரும் காரைக்காலும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். என் மாணவியின் பூட்டி அந்த மண்ணிலிருந்துதான் வந்திருக்கிறாள்.

உங்களில் பலரோடு நானும் தெருவில் இறங்கியிருக்கிறேன். 1998-இல் வந்த மொரீஷியஸின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். எவ்வளவு கொதித்தோம்! கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். ஒரு வரி எழுத்து ஒரு படி கீழே போனதற்கு அவ்வளவு வலித்தது நமக்கு. அதே எழுத்தில் ஐந்நூறு பக்கத்துக்கு நிறைய எழுதிய ஒருத்தியை வாசலில் நிறுத்தி வைக்கும்போது ஏன் வலிக்கவில்லை?

1989 டிசம்பரில் மோக்காவில் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது எனக்கு இருபது வயது. தாவணி கட்டிக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் நீட்டினேன். யார் எந்த மதம் என்று கேட்டு நீட்டச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சரி, இரண்டாவது காரணம். உள்ளே இருக்கிற விஷயம்.

இதை நீட்ட விரும்பவில்லை. அந்த நாவலில் உடல் வருகிறது, ஆமாம். கல்யாணமான அன்றே கணவனை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தாய்வீடு திரும்பிய ஃபிர்தவ்ஸ் என்ற பெண்ணின் ஆசையும் வருகிறது. அவளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் படித்தவர்கள் யாரும் அதைக் கிளுகிளுப்புக்காக எழுதிய பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தமிழ்நாட்டிலும் சல்மாவையும் அவரோடு எழுதிய மற்றப் பெண் கவிஞர்களையும் ஆபாசம் என்று திட்டினார்கள், மிரட்டினார்கள். பிள்ளை பெற்ற வயிற்றில் விழுந்த கோடுகளைப் பற்றி ஒரு பெண் கவிதை எழுதினால் அது எப்படி ஆபாசம் ஆகும்? அந்த வயிற்றிலிருந்து வந்தவர்கள்தானே திட்டினவர்களும்.

நம் தீவிலும் இது நடந்திருக்கிறது. 1993-இல் லிண்ட்ஸி காலன் எழுதிய நாவல் ஒன்றின் தலைப்பில் சீதா என்ற பெயர் இருந்தது. வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றிய கதை. படிக்காதவர்கள்கூடக் கிளம்பினார்கள். எழுதியவருக்கு மிரட்டல் வந்தது, புத்தகம் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அடுத்த வருடமே காமன்வெல்த் எழுத்தாளர் பரிசில் ஆப்பிரிக்கப் பகுதிக்கான விருது அதற்குக் கிடைத்தது. அன்றைக்குக் கத்தினவர்களில் எத்தனை பேர் பிறகு அதைப் படித்திருப்பார்கள்?

இனி, யாரும் என்னிடம் நேராகச் சொல்லாத, ஆனால் நானே எனக்குள் கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி. இந்த நாவலை நம்மவர்கள் கையில் கொடுத்தால், "பார், அவர்கள் வீட்டுப் பெண்களை எப்படி வைத்திருக்கிறார்கள்" என்று விரல் நீட்டுவார்களே? சல்மாவின் சொந்த ஊரிலும் இதைத்தான் அஞ்சினார்கள். நம் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்று கோபப்பட்டார்கள். சிறுபான்மையாக வாழ்கிறவர்களின் அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாமும் இந்தத் தீவில் எண்ணிக்கையில் சிறியவர்கள்தான். நம் கோவில் விஷயத்தை, நம் கல்யாண விஷயத்தை வெளியில் யாராவது பேசினால் நமக்கும் சுருக்கென்று இருக்கிறது.

ஆகவே இதை நான் எடுத்தெறிந்து பேச மாட்டேன். அந்த நாவலை எப்படிப் படிக்க வைக்கிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. என் அம்மா அதைக் கேட்ட விதம் ஒன்று இருக்கிறதே, அந்த விதத்தில் படிக்க வைக்கலாம். அவர் ஒரு தடவைகூட 'அவர்கள்' என்று சொல்லவில்லை. பெயர்களை மட்டும் சொன்னார். "அந்த ஃபிர்தவ்ஸ் இன்றைக்கு என்ன செய்தாள்?" என்று கேட்பார், பக்கத்து வீட்டுப் பெண்ணை விசாரிக்கிற மாதிரி. படித்து முடித்த பிறகும் ஒரு வாரம் பருப்புத் தட்டோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். வேறு புத்தகம் இல்லையா என்று கேட்டார். அம்மா 2015-இல் தவறிப்போனார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாவல் முழுவதையும் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் ஆசிரியைதான், எந்த வயதுக்கு எது என்று தெரியும். ராபியா தோழிகளோடு ஓடித் திரிகிற பக்கங்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அருமையாகப் பொருந்தும். நோன்புக் கஞ்சி, பெருநாள் என்று ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டின் வாசனையை நம் பிள்ளைகள் தமிழிலேயே முகரட்டும். அங்கே பேசுகிற தமிழில் அரபுச் சொற்கள் கலந்து வரும். நம் தமிழில் க்ரியோல் கலந்து வருவதை நினைத்து வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு அதைக் கேட்பதே ஒரு தெம்பு. தமிழ் ஆசிரியர்களாகப் பயிற்சி பெறுகிறவர்கள் நாவலை முழுதாகப் படிக்கட்டும், சண்டை போட்டுப் பேசட்டும். நான் பள்ளியில் தமிழ் படித்த காலத்தில் பாடப்புத்தகத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

சங்கங்களில் பெண்கள் பிரிவு இருக்கிறது. கோலப் போட்டியும் சமையல் போட்டியும் நடத்துகிறோம், நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். மாதத்தில் ஒரு மாலை அங்கே இந்த நாவலை நான் வந்து படிக்கிறேன், க்ரியோலிலும் சொல்கிறேன். பிளேன் வெர்ட்டிலிருந்தும் பெண்களைக் கூப்பிடுவோம். தமிழ் தெரியாதே என்று அவர்கள் தயங்குவார்கள். என் அம்மாவுக்கும் தெரியாதுதான்.

அப்புறம், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் தமிழ் வகுப்பில் உட்காரக் கேட்டால் ஒரு நாற்காலி போடுங்கள். இதை நான் எழுத்தில் கேட்கிறேன். இதுதான் என் மூன்றாவது முறை.

அந்தப் பிரதிகளை நான் இன்னும் துணிப்பையிலேயேதான் வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை நூலகம் திறக்கிற நேரத்துக்கு அதே இரண்டு பிரதிகளோடு வருகிறேன். முத்திரையும் எண்ணும் நீங்கள் போடுங்கள், அட்டை போட்டுத் தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
க்யூர்பிப்பிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை